அமைச்சரும் அவரே, வேலைநிறுத்தமும் அவரே: தொண்டமானின் அரை நூற்றாண்டுப் பேரம்

1986ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று இலங்கை மலையகத்தில் ஒரு வினோதமான போராட்டம் ஆரம்பித்தது. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் நின்று பேர் பதிந்துகொண்டு மலைக்கு ஏற வேண்டிய தோட்டத் தொழிலாளர்கள், நேராகக் கோயிலுக்குப் போனார்கள். நண்பகல் வரை பிரார்த்தனை, அப்புறம்தான் வேலை. இதை மூன்று மாதம் நடத்தப் போவதாக அறிவிப்பு. நாடற்றவர்களாக மிச்சமிருக்கும் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க வேண்டும் என்பது வேண்டுதல்.

சாமி கும்பிடுவதை யார் தடுக்க முடியும்? ஆனால் தேயிலை பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதன் கூர்மை உடனே புரிந்திருக்கும். ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மறுபடி அதே மலைக்கு வந்தாக வேண்டும். தாமதித்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நிற்க வேண்டிய கொழுந்து முற்றிப்போய்விடும். அதை எடுத்தாலும் நல்ல தூள் வராது. ஒரு நாள் அரை நாள் பறிப்பு நின்றால் சமாளிக்கலாம். தினமும் அரை நாள் என்றால் ஒவ்வொரு மலையாகப் பின்தங்கி, இரண்டு வாரத்தில் தோட்டம் முழுக்கக் கணக்கு குழம்பிவிடும். தோட்டங்களில் பாதி நாள் வேலையை ‘அரைப்பேர்’ என்பார்கள். ஒரு நாட்டின் முதன்மை ஏற்றுமதித் தொழிலையே அரைப்பேருக்கு இறக்கிவிடும் போராட்டம் அது.

அழைப்பு விடுத்தவர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அப்போது அவர் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன அரசில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சர். அதாவது எந்த அரசிடம் பிரஜாவுரிமை கேட்டுப் பிரார்த்தித்தார்களோ, அதே அரசின் அமைச்சரவையில் அவர் இருந்தார். அமைச்சராக இருந்துகொண்டு வேலைநிறுத்தம் அறிவிப்பது சங்கடம். பிரார்த்தனை செய்யச் சொல்லலாம். மூன்று மாதம் தேவைப்படவில்லை. அரசு இறங்கி வந்தது, அந்த ஆண்டே சட்டமும் வந்தது.

இப்படி ஒரு காலை அமைச்சரவையிலும் மறு காலைத் தேயிலை மலையிலும் வைத்திருந்த அரசியல்வாதி தெற்காசியாவில் வேறு யாராவது உண்டா என்று யோசித்தால் எனக்குச் சட்டென்று எவரும் நினைவுக்கு வரவில்லை. அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்பதைப் பார்த்தால், மலையக மக்களின் வரலாற்றில் பாதி தானாகவே வந்துவிடும்.

1913 ஆகஸ்ட் 30 அன்று அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து முனப்புதூரில் பிறந்தவர். தகப்பனார் கருப்பையா கூலியாக இலங்கைக்குப் போய், கங்காணியாகி, கடைசியில் இறம்பொடையில் வேவண்டன் என்ற தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். லட்சக்கணக்கானோர் போன அதே பாதையில் போய், ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காத இடத்தை அடைந்தவர். மகன் 1924இல் அப்பாவிடம் போய்ச் சேர்ந்து கம்பளையில் படித்தார். ஆக, பின்னாளில் இலங்கையின் மிகப் பெரிய தொழிற்சங்கத்துக்குத் தலைவரானவர் ஒரு தோட்ட முதலாளி. இடதுசாரிகள் இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் இதை வேறு மாதிரிப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைக்காரத் துரையின் முன்னால் நாற்காலி போட்டு உட்காரக்கூடிய ஒருவர் தங்கள் பக்கம் இருக்கிறார் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தபோது, அங்கே சிதறிக் கிடந்த இந்திய அமைப்புகள் ஒன்றாகி இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அடுத்த ஜனவரியில் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்த ஆண்டே காங்கிரஸுக்குத் தொழிற்சங்கப் பிரிவும் வந்தது. கம்பளைக் கிளையில் தொடங்கிய தொண்டமான் 1940களின் நடுவில் தலைமைக்கு வந்துவிட்டார். 1947 தேர்தலில் நுவரெலியாவில் வென்று நாடாளுமன்றம் போனார். தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை உட்பட இன்னும் சிலரும் வென்றார்கள். மற்றத் தொகுதிகள் பலவற்றில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போயின.

பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க இதைக் கவனிக்காமல் இல்லை. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தான் இலங்கையில் பிறந்ததைக் காட்டினால் போதாது; தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும். காட்டுக்குள் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பிறப்புச் சான்றிதழ் எழுதினார்கள்? சிங்களவரிலும் எத்தனையோ பேரால் காட்ட முடியாத ஆவணம்தான். ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1949இல் இன்னும் இரண்டு சட்டங்கள். ஒன்று இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றது. இன்னொன்று பிரஜை அல்லாதவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. வடக்கின் தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தபடி அரசுடன் நின்றார். செல்வநாயகம் அவரைப் பிரிந்து தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு மலையக மக்களின் இந்தப் பிரச்சினைதான் உடனடிக் காரணம்.

விண்ணப்பிக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. அது தொண்டமான் தரப்பின் பெரிய தவறு என்பது என் கணிப்பு. கெடு முடியும் தறுவாயில்தான் மனம் மாறி, இரவு பகலாக மனுக்களை நிரப்பினார்கள். திருமணமானவர் ஏழு ஆண்டும், ஆகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இடையில் ஊருக்குப் போய் வந்தது, தோட்டம் மாறியது, பேரேட்டில் பெயரை ஒரு மாதிரியும் மனுவில் இன்னொரு மாதிரியும் எழுதியது எல்லாமே நிராகரிக்கக் காரணங்களாயின. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுப் போட்டு, பத்து ஆண்டுக்கு மேல் விசாரணை நடந்து, கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1952இல் வாக்கில்லாத மக்களுக்காகக் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஒருவரும் நாடாளுமன்றம் போகவில்லை. போக வாக்கு ஏது?

இந்த இடத்தில்தான் தொண்டமானின் பிற்கால அரசியல் முழுவதற்கும் அடித்தளம் விழுந்தது என்பேன். வாக்கு இல்லாத தலைவரிடம் என்ன மிச்சம்? சங்கம் மட்டும்தான். 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய அந்தச் சங்கத்தை ஐம்பதுகளின் நடுவில் இன்னொரு தலைவரான அஸீஸ் பிரிந்து போன பிறகும் அவர் கைவிடாமல் வளர்த்தார். தோட்டத்துக்கொரு தலைவர், தலைவி, அவர்களுக்கு மேலே மாவட்டக் காரியாலயம், மாதாமாதம் சந்தா. தோட்டத்தில் ஒருவருக்குச் சம்பளத்தில் தகராறா, லயத்துக் கூரை ஒழுகுகிறதா, துரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டாரா, எல்லாவற்றுக்கும் சங்கம்தான். வேறு அலுவலகம் எதற்கும் அவர்கள் போக முடியாது. எந்த அரச அலுவலகமும் அவர்களைத் தன் ஆட்களாகப் பார்க்கவில்லை. சங்கமே அவர்களுக்குக் கிராமசபை, நீதிமன்றம், நாடாளுமன்ற உறுப்பினர் எல்லாமும்.

அந்தச் சங்கத்தின் பலத்தில்தான் 1960இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அவரை நியமன உறுப்பினராக்கினார். சோல்பரி யாப்பில், அதாவது அன்றைய அரசியலமைப்பில், போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பிரிவினருக்காக ஆறு நியமன இடங்கள் இருந்தன, அவற்றில் ஒன்று. ஆனால் நான்கே ஆண்டில், 1964 அக்டோபர் 30 அன்று, அதே சிறிமாவோ டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் மாடு கன்றைப் பிரிப்பது மாதிரி நடந்த இந்தக் கணக்கில், பிரிக்கப்பட்டவர்களையோ அவர்கள் தலைவரையோ யாரும் கேட்கவில்லை. பிரஜாவுரிமை பெறுகிறவர்களையும் தனி வாக்காளர் பட்டியலில் வைக்கப்போவதாகச் சிறிமாவோ சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

தொண்டமான் அடுத்த பக்கம் சாய்ந்தார். 1965இல் ஐக்கிய தேசியக் கட்சியை ஆதரித்து, டட்லி சேனாநாயக்கவின் ஆட்சியில் மறுபடி நியமன உறுப்பினரானார். தனிப் பட்டியல் யோசனை கைவிடப்பட்டது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த 1967இல் வந்த சட்டம், இந்தியா எத்தனை பேருக்குக் குடியுரிமை வழங்குகிறதோ அதற்கேற்ப இலங்கையும் வழங்கும் என்றது. கேட்பதற்குச் சின்ன நுணுக்கம்தான். ஆனால் 1970இல் திரும்பி வந்த சிறிமாவோ, இந்தியாவுக்கு உண்மையிலேயே கப்பலேறிப் போனவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் வழங்குவோம் என்று 1971இல் மாற்றியபோது அந்த நுணுக்கத்தின் எடை தெரிந்தது. பக்கத்து லயத்துக்காரர் தலைமன்னாரில் இராமேஸ்வரம் கப்பல் ஏறினால்தான் உனக்கு இங்கே உரிமை என்றால், இருவரும் எப்படி ஒரே பெரட்டுக்களத்தில் முகம் பார்த்து நிற்பது?

1970 முதல் 1977 வரையான காலம் தொண்டமான் ஆட்சியிலிருந்து தள்ளி நின்ற காலம். மலையகத்துக்கு அது பஞ்ச காலமும்கூட. 1973, 74இல் பங்கீட்டு உணவு குறைந்து, வேலை நாளும் குறைந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். காணிச் சீர்திருத்தத்தில் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. தொழிலாளிக்கு அதில் ஒரு துண்டு நிலமும் இல்லை. 1977 மே மாதம் நுவரெலியாப் பகுதியில் ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்தபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக்கொல்லப்பட்டார். மலையகத்தில் அந்தப் பெயரை இன்றும் சொல்கிறார்கள்.

இதே காலத்தில்தான் அவர் வடக்கு, கிழக்குத் தலைவர்களுடன் கைகோத்தார். செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் என்று மூவரும் தமிழர் கூட்டணியின் தலைவர்கள். 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனி ஈழம் என்ற தீர்மானம் வந்ததும் தொண்டமான் ஒதுங்கிக்கொண்டார். இதைத் துரோகம் என்றவர்கள் உண்டு. வரைபடத்தை எடுத்துப் பார்த்தாலே அவருடைய நிலை புரியும். மலையக நகரங்களான அட்டனும் பதுளையும் எந்த ஈழ எல்லைக்குள்ளும் வராது. தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். 1977இலும் 1981இலும் 1983இலும் கலவரம் வந்தபோது முதல் அடி விழுந்த இடங்களில் அந்த லயங்களும் இருந்தன. வடக்கின் அரசியலை அப்படியே மலையில் நட முடியாது என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

1977 ஜூலைத் தேர்தலில் நுவரெலியா மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி. காமினி திசாநாயக்க முதலிடம், அனுர பண்டாரநாயக்க இரண்டாமிடம், தொண்டமான் மூன்றாமிடம். ஒருவர் ஆளுங்கட்சி, ஒருவர் சிறிமாவோவின் மகன், ஒருவர் சேவல் சின்னத்துக்காரர். முப்பது ஆண்டுக்குப் பிறகு மக்கள் வாக்கால் மறுபடி நாடாளுமன்றம்.

மறு ஆண்டே ஜே. ஆர். அமைச்சரவைக்கு அழைத்தார். 1978 யாப்பு, வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பேதத்தை நீக்கியது. நாடற்றவர்களுக்கும் அடிப்படை உரிமைகளைப் பத்து ஆண்டுக்கு நீட்டித்தது. தொண்டமான் உள்ளே போனார். போனவர் சாகும்வரை வெளியே வரவில்லை. ஜயவர்தன, பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா என நான்கு ஜனாதிபதிகளின் கீழ் 21 ஆண்டு. 1994இல் ஐக்கிய தேசியக் கட்சியோடு தேர்தலில் நின்றுவிட்டு, வென்றது சந்திரிகா அணி என்றதும் அந்தப் பக்கம் போய்க் கால்நடை அபிவிருத்தி, தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சரானார். அதற்குப் பெயர் சந்தர்ப்பவாதம் என்றால், ஆமாம், அதுதான். அவர் அதை மறைத்ததாகவும் தெரியவில்லை. கட்சிக்கு விசுவாசம் என்ற ஒன்று அவருடைய கணக்கிலேயே கிடையாது. யார் கையில் வர்த்தமானி (அரசிதழ்) இருக்கிறதோ அவரிடம் பேசு என்பதுதான் ஐம்பதுகளில் அவர் கற்றது.

அமைச்சரவையில் இருந்ததால் என்ன கிடைத்தது? 1984 ஏப்ரலில் நடந்த தோட்ட வேலைநிறுத்தத்தின் பலனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. கொழுந்து எடுப்பதில் பெரும்பகுதி பெண்கள் கையில். அதுவரை அவர்களுக்குத்தான் குறைவு. அமைச்சராக இருந்தபடியே நடத்திய வேலைநிறுத்தம் அது.

1986 பிரார்த்தனைக்குக் கிடைத்ததைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இரண்டு ஒப்பந்தங்களின்படியும் இந்தியா ஏற்க வேண்டியது 6,00,000 பேர். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததோ 5,06,000 பேர். மிச்சம் 94,000 பேர் இரண்டு நாட்டுக்கும் இல்லாமல் நின்றார்கள். அவர்களை இலங்கையே ஏற்கும் என்றது 1986ஆம் ஆண்டுச் சட்டம். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட 3,75,000 பேரோடு சேர்த்தால் 4,69,000. 1988இல் இன்னொரு சட்டம், நீண்ட விசாரணை இல்லாமல் வழங்க வழிசெய்தது. ஜே. ஆர். மனம் இளகிச் செய்ததாக நினைக்க வேண்டாம். வடக்கில் போர் மூண்டிருந்தது; மலையக இளைஞர்களும் அந்தப் பக்கம் போய்விட்டால் என்ன ஆவது என்ற பயம் கொழும்புக்கு இருந்தது. தேர்தலும் அருகில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்துக்கும் தேவைக்கும் என்ன விலை போடலாம் என்பது தொண்டமானுக்குத் தெரியும். 1988 டிசம்பரில் பிரேமதாச 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி வென்ற ஜனாதிபதித் தேர்தலில், புதிதாக வாக்குப் பெற்ற மலையகத்தின் ஆதரவு எவ்வளவு பெறுமதி என்று எல்லாக் கட்சிகளுக்கும் தெரிந்துபோனது.

இனி மறுபக்கம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும் அவர் அமைச்சரவையைவிட்டு வெளியேறவில்லை; பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஆறுதலா ஆத்திரமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனபோதும் தொழிலாளிக்கு நிலவுரிமை வரவில்லை. வாக்குரிமைக்காகப் பிடித்த பிடியை அவர் வீட்டுக்கும் காணிக்கும் பிடிக்கவில்லை. அமைச்சர் பதவியால் வந்த வேலைவாய்ப்பும் தோட்டத்துப் பாதையும் மின்சாரமும் சங்கத்தின் வழியாகவே வந்தன. சங்கத்தில் இருந்தால் கிடைக்கும் என்று ஆனது. உரிமையாக வர வேண்டியது தலைவர் பெற்றுத் தந்த உதவியாக வந்தது. அவருக்குப் பின் பேரன் ஆறுமுகன் தொண்டமான், 2020இல் ஆறுமுகன் இறந்த பிறகு அவர் மகன் ஜீவன் என்று தலைமையும் அமைச்சும் ஒரே குடும்பத்தில் தொடர்ந்தன. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் கேட்டு, 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. கம்பெனிகளோடு கூட்டு ஒப்பந்தம் பேசும் மேசையிலும் அரசின் மேசையிலும் ஒரே ஆட்கள் உட்காரும்போது, யாருக்காக யார் பேசுகிறார் என்ற கேள்வி தோட்டத்தில் எழாமல் இருக்காது.

தொண்டமான் 1999 அக்டோபர் 30 அன்று, 86ஆவது வயதில் காலமானார். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றைக்குச் சரியாக 35 ஆண்டு.

அவர் போன பிறகும் ஒரு பாக்கி இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியும் போகாமல் தங்கிவிட்டவர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள், எந்தச் சட்டத்திலும் விழாதவர்கள். 1984இல் போரால் இராமேஸ்வரம் கப்பல் நின்றதோடு இவர்களின் பயணமும் நின்றுபோனது. 2003இல் நாடாளுமன்றம் இவர்களுக்காக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்பவர், அல்லது அப்படிப்பட்டவரின் வாரிசு என்றால் போதும். ஐ.நா. அகதிகள் ஆணையமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் தொண்டர்களுமாகத் தோட்டம் தோட்டமாக மேசை போட்டு உட்கார்ந்து மனுக்களை வாங்கினார்கள். பத்தே நாளில் 1,90,000 பேர் பிரஜைகளானார்கள்.